கை அறிந்ததை வாய் சொல்லட்டும்



நம் ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரர் கோயில் தூண்களை நின்று பார்க்காதவர் இங்கே இருக்க மாட்டார்கள். செதுக்கியது யார் கை என்று நாம் கேட்டதுண்டா?

படித்தவர்தான் வேலையில் மனநிறைவு தேடுவார், கூலிக்காரருக்குக் கூலி வந்தால் போதும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். அளவும் இலக்கணமும் மரபு கொடுத்தவை. ஆனால் மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, உளியை எவ்வளவு சாய்ப்பது, கொட்டாப்புளியை எவ்வளவு மெல்லத் தட்டுவது, இவையெல்லாம் அந்த நொடியில் சிற்பி எடுக்கும் முடிவு. ஒரே அளவில் இருவர் செய்த பிள்ளையாரை அருகருகே வையுங்கள். இரண்டு முகம் தெரியும். அந்த வேறுபாட்டில்தான் ஒவ்வொரு சிற்பியும் தன்னை வெளிப்படுத்துகிறார்.

கரும்பு வெட்டுகிறவரையும் பாருங்கள். அடிக்கரும்பில்தான் இனிப்பு அதிகம். மண்ணை ஒட்டி வெட்டினால்தான் எடை கிடைக்கும், கட்டையும் நன்றாகத் துளிர்க்கும். அது தெரிந்து குனிந்து வெட்டும் மனிதரை, 'ஆள்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

மதித்தவர்களும் உண்டு. 1912இல் கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும், தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய கணிதத்தை மதித்துக் கைகொடுத்தார்கள். சின்ன வேலையிலும் ஒரு மனிதனின் உள்ளத்துக்கு இடம் கொடுக்க மேலிருப்பவர்களால் முடியும். கொடுக்காவிட்டால், பெரிய பட்டம் பெற்றவரும் கண்ணாடி அறைக்குள் புழுங்கத்தான் செய்வார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மனநிறைவு கூலிக்கு ஈடாகாது. "விருப்பப்பட்டுத்தானே செய்கிறாய்" என்று சொல்லி யாருடைய கூலியையும் குறைக்காதீர்கள். நியாயமான கூலி முதலில்; அதோடு, தன் வேலையைப் பற்றிச் சொல்லும் உரிமையும் வேண்டும்.

அதைச் சொல்ல ஓர் இடமும் இருக்கிறது. தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அதே மே 1இல் இப்போது நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அந்தச் சபையில் தூய்மைப் பணியாளரை, வயல் வேலை செய்யும் பெண்களை, கொத்தனாரை, தச்சரை முன் வரிசையில் உட்கார வையுங்கள். "உங்க வேலையை எப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். சொன்னதைத் தீர்மானமாக எழுதுங்கள். இனி ஊர்ப்பணத்தில் செய்யும் ஒவ்வொரு கதவிலும், தேரிலும் செய்தவர் பெயரைப் பொறியுங்கள்.

கேட்கிற ஊராக ரிஷிவந்தியம் முதலில் நிற்கட்டும்.