இரு கொடிகளுக்கு ஒரு வேர்



ஓரூரில் இரு புலவர் வாழின் அங்கே போட்டி இயல்பாகவே எழும். இருவரும் எடுத்தாள்வது ஒரே மொழியின் சொற்கள் என்பதோ போட்டியின் வேகத்தில் மறந்துபோகும். பாவலர் நிறைந்த இவ்வவையில், இவ்வுண்மையை விளக்கும் வணிகப் போட்டி ஒன்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

1977 ஏப்ரல் 16, 17 ஆகிய நாள்களில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மேற்குக் கடற்கரைக் கணிப்பொறிக் கண்காட்சி முதன்முறையாக நடைபெற்றது. 12,000 பேருக்கு மேல் திரண்டனர். ஆப்பிள் நிறுவனம் 'ஆப்பிள் 2' என்னும் பொறியை அங்கே அறிமுகம் செய்தது. கமடோர் நிறுவனம் 'பெட்' என்னும் பொறியைக் காட்சிக்கு வைத்தது. முன்னது வண்ணத்தால் கவர்ந்தது. பின்னது திரை, விசைப்பலகை, ஒலிநாடாக் கருவி ஆகிய மூன்றையும் ஓருடலாக்கிக் காட்டியது. எளிய மக்களின் இல்லத்துள் கணிப்பொறியைக் கொண்டு சேர்ப்பதே இரண்டின் இலக்கு.

மூடியைத் திறந்தாலோ, இரண்டின் உள்ளும் இருந்தது 6502 என்னும் ஒரே நுண்செயலி! அதனை மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் சக் பெடில். 1975இல் அதே நகரில் நடந்த வெஸ்கான் கண்காட்சியின்போது அதன் விலை 25 டாலர். அரங்கினுள் விற்கத் தடை இருந்தமையால், விடுதி அறையொன்றில் வைத்து விற்றனர். வாங்கியோருள் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் கைவண்ணத்தில் ஆப்பிள் பொறி பிறந்தது. 1976இல் மாஸ் டெக்னாலஜியைக் கமடோர் விலைக்கு வாங்கியது. பெடில் 'பெட்' பொறியைப் படைத்தார். அவ்வாண்டே ஆப்பிளையும் வாங்கக் கமடோர் பேசிப் பார்த்தது, விலை படியவில்லை. கைவிட்ட பொறியே மறு ஆண்டு எதிரில் வந்து நின்றது.

வென்றவர் யார்? ஆப்பிள் 2 வரிசை 1993 வரை விற்பனையில் நீடித்தது. 1982இல் 'கமடோர் 64' பொறியால் பெரும்புகழ் எய்திய கமடோர், 1994இல் வீழ்ந்தது. அப்புகழ்ப் பொறியின் உள்ளும் 6502இன் வழிவந்த நுண்செயலியே இயங்கிற்று.

ஆப்பிளின் பெயரை உலகறியும். கமடோரைப் பலர் இன்னும் நினைப்பர். இருவர்க்கும் கருவி தந்து 2019இல் மறைந்த பெடிலை அறிந்தோர் மிகச் சிலரே. கவியரங்கில் எதிரெதிர் நிற்போர்க்கும் இஃதொரு பாடம். வெற்றி யாருடையதாயினும், இருவர்க்கும் சொல் தந்த பெயரறியா முன்னோர்க்கு முதல் வணக்கம் உரியது. அந்நன்றியுணர்வு உள்ளவரை போட்டி பகையாவதில்லை.

வாழ்க தமிழ்!