திருகோணமலையில் தங்க ஓரிடம்

ஊர் பார்க்கப் புறப்படுகிறவன் எதை மறந்தாலும், இரவில் தலை சாய்க்க ஓரிடம் வேண்டும் என்பதை மறந்துவிட முடியாது. கோயிலும் கோட்டையும் கடலும் பகற்பொழுதுக்கு உரியவை. அந்தப் பகல் இன்பமாவதும் துன்பமாவதும் முந்திய இரவில் கிடைத்த உறக்கத்தைப் பொறுத்தது. பண்டைக் காலத்தில் இந்தக் கவலையை ஊரே ஏற்றுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் மடமும், மடத்தருகே கேணியும், சுமைதாங்கியும், மாடுகள் உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் அமைத்தவர்கள் வழிப்போக்கனிடம் காசு கேட்கவில்லை. செய்தவருக்குப் புண்ணியம், வந்தவருக்கு நிழல் என்பதே அன்றைய கணக்கு.

இன்று தங்குமிடம் தருவது ஒரு தொழில். தொழிலானதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், வருகிறவனின் பணப்பைக்கும் தருகிறவனின் அடுப்புக்கும் நடுவே நியாயமான விலை எங்கே நிற்கிறது என்ற கேள்வி அதனோடு பிறந்துவிட்டது. அக்கேள்விக்கு விடை தேட, நேயர்கள் சிறிது நேரம் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை மனக்கண்ணால் சுற்றி வரலாம்.

முதலில் ஊரின் கிடக்கையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். திருகோணமலை நகரம் இரு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே அமைந்த ஒடுங்கிய நிலம். கிழக்கே திறந்த வங்கக் கடல். அங்கே கோணேசர் கோயில்கொண்ட சுவாமி மலை கடலுக்குள் நீட்டி நிற்கிறது. மலையின் இருபுறமும் வளைந்து கிடக்கும் குடாக்களில் தென்புறத்துக் குடாவை டச்சுக் குடா என்பர். மேற்கே, குன்றுகள் அரண்போலச் சூழ, உட்துறைமுகம் அசைவின்றிக் கிடக்கிறது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு நகரத்தின் ஊடாக அரைமணி நேரத்துக்குள் நடந்து போய்விடலாம்.

இத்தகைய ஊரில் கடலைப் பார்த்தபடி தங்க எத்தனையோ இடங்கள் இருக்க வேண்டும் என்றுதான் புதியவர் எண்ணுவார். உண்மை வேறு. கரையின் சிறந்த முனைகளெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே படைகளின் கைக்குப் போய்விட்டன. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தரின் பின் வந்த ஆங்கிலேயர் 1803ஆம் ஆண்டு அதற்குப் பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்டனர். உட்துறைமுகக் கரையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் விரிந்தது. 1957ஆம் ஆண்டு அத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் அது கடற்படையின் இடமாகவே தொடர்ந்தது. எனவே பயணிகள் விடுதிகள் வடக்கே தள்ளப்பட்டன. நிலாவெளி வீதி வழியே சில கல் தொலைவில் உப்புவெளி, அதற்கும் அப்பால், நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி என, வெண்மணற் கரையெங்கும் அவை வரிசையாக அமைந்தன. நகரத்துக்குள் தங்குவதா, கடற்கரையில் தங்குவதா என்ற குழப்பம் திருகோணமலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஏற்படுவது இதனால்தான்.

தங்குமிடங்களின் வரலாறும் இவ்வூரின் வரலாற்றோடு பின்னியதே. அடியாருக்கு மடம், அரசாங்க உத்தியோகத்தருக்கு வாடிவீடு, கடற்படை அதிகாரிகளுக்கு உவர்மலை மேட்டின் பெரிய வீடுகள் என ஒரு காலத்தில் பாகுபாடு இருந்தது. பின்னர் வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்துக் கடற்கரையில் பெரிய விடுதிகள் எழுந்தன. 1983ஆம் ஆண்டின் பின் போர் சூழ்ந்தது. விருந்தினர் வரவு அற்றுப்போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரே சிறு முதல் உள்ளவர்கள் இத்தொழிலில் துணிந்து இறங்கினர். முன்வீட்டை இரண்டு அறையாகத் தடுத்தவரும், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் மேல்மாடி கட்டியவரும், வங்கியிற் கடன் எடுத்தவரும் அவர்களுள் அடங்குவர். 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள், 2020இல் தொற்றுநோய், 2022இல் பொருளாதார நெருக்கடி என, தலை நிமிர்ந்த போதெல்லாம் அவர்களுக்கு அடி விழுந்தது. இன்று ஒரு பயணி கதவைத் தட்டும்போது உள்ளிருந்து எட்டிப் பார்ப்பவர், பெரும்பாலும் இத்தனையையும் தாங்கி வந்த ஒருவர்தாம்.

இனி ஒரு குடும்பத்தைக் காண்போம். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர், ஆவணி விடுமுறையில் மனைவியையும் தாயாரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்பட்டார் எனக் கொள்க. தாயாருக்குக் கோணேசரைத் தரிசிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் புறாமலையைப் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கோ சம்பளப் பணத்துக்குள் மூன்று நாளையும் முடிக்க வேண்டும். அவர் அறை எதுவும் ஒழுங்கு செய்யாமல், பௌர்ணமி விடுமுறையோடு கூடிய வார இறுதியில், மாலை மங்கும் வேளையில் பேருந்தால் இறங்கினார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வரும் நாள் அது. முச்சக்கர வண்டிக்காரர் உப்புவெளிக் கரைக்கு அழைத்துச் சென்றார். மூன்று இடங்களில் இடமில்லை. நான்காம் இடத்தில் இருந்தது ஓர் அறை. கேட்ட விலையைக் கொடுப்பதன்றி வேறு வழியில்லை.

அறை அழகானதுதான். சாளரத்தைத் திறந்தால் கடல். ஆயினும் மாடிப்படி ஏற ஆச்சியால் இயலவில்லை. காலைப் பூசைக்குக் கோயில் செல்ல மறுபடியும் முச்சக்கர வண்டி. மாலைப் பூசைக்கு மீண்டும் ஒன்று. உணவு விடுதியிலேயே உண்ண வேண்டியதாயிற்று. புறப்படும்போது வந்த பற்றுச்சீட்டில், பேசிய வாடகைக்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும், 18 வீதப் பெறுமதி சேர் வரியும் ஏறியிருந்தன. விடுதிக்காரர் ஏமாற்றவில்லை; விலைப்பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் அது இருந்தது. ஆசிரியர்தாம் கேட்கத் தவறிவிட்டார்.

இரண்டாம் நாள் அவர் நகரத்துக்குள் திரும்பி, டச்சுக் குடாவிலிருந்து ஒரு வீதி உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை வெயிலில் மங்கிப்போன ஒரு வீட்டின் படலையைத் திறந்தார்.

"அறை இருக்கோ, அம்மா?"

"எத்தனை பேர், தம்பி?"

"பெரியாக்கள் மூண்டு பேர், பிள்ளையள் ரெண்டு."

வீட்டுக்காரி ஆச்சியின் காலைப் பார்த்தார். "அவவுக்குப் படியேற ஏலாதெல்லே. கீழறையைத் தாறன். பிள்ளையளுக்குப் பாய் போடலாம்" என்றார். பிறகு தாமாகவே இரண்டு விலை சொன்னார்: குளிரூட்டி போட்டால் ஒன்று, மின்விசிறி மட்டும் போதுமென்றால் மற்றொன்று. கடலைக் காண முடியவில்லை. ஆனால் இரவில் அதன் ஓசை கேட்டது. முற்றத்தில் வேம்பு நின்றது. விடியலில் ஆச்சி கோட்டை வாசலைக் கடந்து, மரநிழலில் மேயும் மான்களைப் பார்த்தவாறு, இளைப்பாறி இளைப்பாறி மலைக்கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். பிள்ளைகள் பேருந்தில் நிலாவெளி சென்றனர். படகுக் கூலி ஆளுக்கன்று, படகுக்கே என்பதால், வேறொரு குடும்பத்தோடு கூடிச் செலவைப் பாதியாக்கினார் ஆசிரியர். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவின் பவளப் பாறைகளை மிதிக்காமல் கண்டு மீண்டனர். முதல் நாள் ஒன்றுக்குச் செலவானதைக் கொண்டு அடுத்த இரு நாளும் கழிந்தன.

இக்கதையின் பயன், கடற்கரை விடுதி தீது, நகரத்து வீடு நன்று என்பதன்று. நீந்தவும் மணலில் கிடக்கவும் வருகிறவருக்கு உப்புவெளியும் நிலாவெளியுமே தக்கன. அவருக்கு நகரத்து அறை மலிவாயினும் நட்டமே. எதற்காக வருகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு, அந்த நோக்கத்துக்கு நடந்து போகக்கூடிய இடத்தில் தங்க வேண்டும். அறை வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்த பின்பே எது மலிவு என்று சொல்லலாம். ஐரோப்பாவிலும் இதே கணக்குத்தான். வெனிஸ் நகரின் நீர்வீதிகளைக் காணச் செல்லும் சிக்கனக்காரர் பலர், பாலத்துக்கு அப்பால் நிலப்பக்கத்திலுள்ள மெஸ்திரேயில் தங்கி, புகையிரதத்தில் வந்து போகின்றனர். வாடகை குறைகிறது, ஆனால் கூட்டம் கலைந்த பின் அந்நகரம் கொள்ளும் அழகை, இரவு அங்கேயே தங்கியவரே காண்கிறார். எங்கும் ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறவேண்டியிருக்கிறது.

காலத்தை அறிவதும் இடத்தை அறிவதற்கு ஒப்பானதே. வைகாசி முதல் புரட்டாதி வரை இக்கரையில் கடல் அமைதியாக இருக்கும். கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும். விடுதிகளுக்கு அதுவே அறுவடைக் காலம். ஐப்பசிக்குப் பின் வாடையும் மழையும் வந்து, தை வரை கடல் கொந்தளிக்கும். அப்போது வாடகை இறங்கும். கடலில் இறங்க விரும்பாது, கோணேசரையும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் மட்டும் காண வருகிறவருக்கு, மழை ஓய்ந்த மாசி மாதம் மிகவும் உகந்தது. சிவராத்திரி நாளை மட்டும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். அன்று ஊரே நிறைந்துவிடும். பருவ காலத்திலும் நீண்ட வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய் புதன் நாட்களில் வருகிறவருக்கு அதே அறை குறைந்த விலையில் கிடைப்பதுண்டு.

கதவைத் தட்டிய பின் கேட்க வேண்டியவை சிலவே. சொன்ன விலை அறைக்கா, ஆளுக்கா? வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததா? காலையுணவு உண்டா? குளிக்கும் நீர் நன்னீரா, உவர்நீரா? இரவுப் பேருந்தில் விடியற்காலை வந்திறங்கினால் அறை உடனே கிடைக்குமா, நண்பகல் வரை காத்திருக்க வேண்டுமா? இவற்றைக் கேட்பது அவமரியாதையன்று. பின்னர் எழும் பிணக்கைத் தடுக்கும் நாகரிகமே அது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிற் பதிவு செய்த இடமா என்று விசாரிப்பதும் நல்லது. பணம் கொடுக்குமுன் அறையைத் திறந்து பார்க்கச் சொல்லாத விடுதியை விட்டு, தயங்காமல் அடுத்த படலைக்குப் போகலாம்.

பேரம் பேசலாமா என்று சிலர் கேட்பர். பேசலாம், ஆனால் எதிலிருந்து குறைக்கிறோம் என்பதை அறிந்து பேச வேண்டும். கைபேசியில் காணும் முன்பதிவுத் தளங்கள், வாடகையில் ஏறத்தாழ 15 வீதத்தையும் சில வேளை அதற்கு மேலும் தரகாக எடுத்துக்கொள்கின்றன. நேரே தொலைபேசியில் பேசி ஒழுங்கு செய்கிறவர், அத்தரகிலிருந்து ஒரு பங்கைக் கேட்பது இருவருக்கும் நன்மை. இரண்டு இரவு தங்குகிறவர் சலுகை கேட்பதும் முறையே. அதற்குக் கீழே போகும்போதுதான் பேரம் பறிப்பாகிறது. உப்புக்காற்று இரும்பைத் தின்னுகிறது. மின்விசிறியும் கதவுப் பூட்டும் விரைவில் துருப்பிடிக்கின்றன. மின்கட்டணம், சலவை, கூலி, கடன்வட்டி ஆகிய யாவும் பன்னிரண்டு மாதமும் வருகின்றன. விருந்தினரோ ஐந்தாறு மாதமே வருகின்றனர். ஆவணியில் வாங்கும் வாடகையில் மார்கழியின் அடுப்பும் எரிய வேண்டியிருக்கிறது. இக்கணக்கைப் பயணி மறந்தால் சிறு வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும். பெருவிடுதிகள் மட்டும் எஞ்சிய ஊரில், ஆசிரியரின் குடும்பத்துக்குத் தங்க இடமிராது.

விடுதிக்காரரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். நெருக்கடி நாளில், இருட்டிய பின் வந்து நிற்கும் குடும்பத்திடம் இரட்டை விலை வாங்குவது எளிது. அன்றைய வருவாய் அன்றோடு முடிந்துவிடும். கசப்போ ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்லப்படும். நியாயமான விலைக்குக் கீழறையைக் கொடுத்தவரின் பெயரும் அவ்வாறே பத்து வீடுகளுக்குப் போகிறது.

மூன்றாம் நாள் காலை ஆசிரியர் கணக்குத் தீர்த்தபோது, வீட்டுக்காரி சொன்ன தொகையும் முன்பு பேசிய தொகையும் ஒன்றாகவே இருந்தன. ஆச்சி படலையருகே நின்று, "மாசியிலே சிவராத்திரிக்கு வருவம், பிள்ளை. இந்தக் கீழறையை ஆருக்கும் குடுத்திடாதை" என்று சொல்லிப் புறப்பட்டார்.

அறத்துக்காக மடம் கட்டிய காலம் போய்விட்டது. விலை வந்துவிட்டது. ஆனால் அறம் போய்விடவில்லை. அது இப்போது விலைக்குள்ளே குடியிருக்கிறது. கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவர் கணக்கை ஒருவர் அறிந்து நடந்தால், திருகோணமலைக்கு வருகிற எவரும் தங்க ஓரிடம் இன்றித் திரும்ப வேண்டியதில்லை.