படியேற இயலாதவருக்கும் வாயில்



ஒரு மண்டபத்தின் முகப்பில் மூன்றே படிகள். நடக்க வல்லவர் அவற்றைக் கவனிப்பதுமில்லை. முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கும், சக்கர நாற்காலியில் வாழும் இளைஞருக்கும் அம்மூன்று படிகளே மதிற்சுவர். மண்டபத்தை வரைந்தவர் கல்நெஞ்சர் அல்லர். அத்தகையோர் வருவர் என்று எண்ணிப் பார்க்கக் கற்பிக்கப்படாதவர். அந்தக் கல்வி எங்குக் கிடைக்கும் என்பதே இன்றைய பொருள்.

ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பில் ஒரு பருவம் செய்முறைப் பயிற்சிக்கென ஒதுக்கப்படுகிறது. பெயர் பெற்ற அலுவலகத்தில் இடம் கிடைத்தால் போதும் எனப் பெற்றோர் கருதுவது இயல்பு. ஆனால், அனைவருக்குமான வடிவமைப்பில் ஈடுபட்டிருப்போரிடம் அப்பருவத்தைக் கழிக்கும் மாணவர், ஏட்டில் கிட்டாத ஒன்றைப் பெறுகிறார்.

சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பது ஏட்டுப் பாடம். தெருமட்டத்திலிருந்து 45 செ.மீ. உயர்ந்த கூடத்திற்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. களத்தில் நிற்கும்போதோ, வாசலுக்கும் தெருவுக்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருக்கக் காண்கிறார். சரிவைச் செங்குத்தாக்கினால் நாற்காலி பின்னோக்கி உருளும். ஆதலின் சாய்தளத்தை மடக்கித் திருப்ப வேண்டும். திரும்புமிடத்தில் சமதளம் வேண்டும். இருபுறமும் கைப்பிடி வேண்டும். புதிய கட்டடமாயின் தளத்தின் உயரத்தையே குறைக்க முடியுமா என ஆராய வேண்டும். வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எளிது. கட்டி முடித்தபின் இடிப்பது பெருஞ்செலவு.

கழிவறையும் அவ்வாறே. நாற்காலி முழுவதுமாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. கதவு உட்புறமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே அதனைத் தடுத்துவிடும். உதவிக்கு வருபவர் வெளியே தவிப்பார். பார்வை குன்றியவருக்குப் படியின் விளிம்பு மாறுபட்ட நிறத்தில் தெரிய வேண்டும். செவித்திறன் குறைந்தவர் உதட்டசைவைக் காணப் பேசுவோர் முகத்தில் ஒளி விழ வேண்டும். இவற்றை அப்பயனாளர்களோடு உடன் நடந்து, அவர்கள் கூறக் கேட்டே மாணவர் உணர்கிறார். அங்கு அவர்களே ஆசிரியர்கள்.

இதற்குச் சான்றாக விளங்குபவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரொனால்டு மேஸ். ஒன்பதாம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு சக்கர நாற்காலியை நாடியவர். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றபோது, வகுப்புக்குச் செல்ல அவரைப் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அம்மாணவரே பின்னர் அம்மாநிலத்தின் அணுகல் விதிகளை உருவாக்குவதில் பங்கேற்றார். ‘யுனிவர்சல் டிசைன்’ என்னும் சொல்லை வழங்கினார். 1989இல் அதே பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு மையத்தையும் நிறுவினார். 1997இல் அங்கு வகுக்கப்பட்ட ஏழு நெறிகள் இன்று உலகெங்கும் பாடமாக உள்ளன.

நம் நாட்டிலும் இது வெறும் இரக்கச் செயலன்று, சட்டக் கடமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்திற்குக் கட்டட அனுமதி தரலாகாது என்கிறது. பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, வெறும் பரிந்துரைகள் போதா; கட்டாயத் தர விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விதிகள் வந்தாலும் அவற்றைக் கல்லிலும் மரத்திலும் நிறைவேற்றக் கற்ற கைகள் வேண்டும். அக்கைகளை உருவாக்குவது இப்பயிற்சியே.

ஆதலின் பெற்றோர், தம் மக்கள் பயிற்சிக்குப் புறப்படும்போது அலுவலகத்தின் பெயரோடு அங்குக் கற்கும் பொருளையும் வினவுவார்களாக. கூடம் கட்டவோ புதுப்பிக்கவோ எண்ணும் சமூக அமைப்புகள், தேர்ந்த கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் ஒரு மாணவரை அழைத்து வாயில், படி, கழிவறை ஆகியவற்றை அளந்து பார்க்கச் செய்வார்களாக. மாணவருக்கு அது பாடம். அமைப்புக்கு அது கண்ணாடி.

விழா நாளில் பாட்டியை வாகனத்திலேயே அமர்த்திவிட்டுக் குடும்பத்தார் உள்ளே செல்லும் காட்சி இனி எங்கும் வேண்டா. முதுமை எவர்க்கும் உரியது. இன்று ஒரு மாணவர் பிறருக்கென வரையும் சாய்தளம், நாளை அவர் தம் பெற்றோரின் கைபிடித்து ஏறும் வழியாகவும் அமையும்.