பால் கொடுக்கும் நேரம் நமது உரிமை
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்கு 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். நமக்குப் பிரசவ லீவு 12 வாரம். அது முடிந்ததும் பிள்ளை பிள்ளைக்காம்பராவில், நாம் மலையில். இறங்கி வந்தால் கொழுந்து குறையும், அரைப்பேர்தான் விழும் என்று பயந்து, பால் கட்டி மார்பு வலித்தாலும் நிரையை விட்டு வருவதில்லை. பசித்து அழும் பிள்ளையைக் குப்புறப் போட்டால் கூடுதலாகத் தூங்கும் என்று படுக்கவைக்கிறோம்.

அங்கேதான் ஆபத்து. குப்புறப் படுக்கும் சிசு தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் அபாயம் அதிகம். ஒரு வயது வரை மல்லாக்கவே படுக்கவைப்போம், தலையணை வேண்டாம். பாட்டிமாருக்கும் ஆயாவுக்கும் பக்குவமாகச் சொல்வோம்.

ஆனால் பசி தீராத பிள்ளை எப்படித் தூங்கும்? மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு 9 மணித்தியாலத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் தலா 30 நிமிடம். இல்லாவிட்டால் தலா 1 மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் வேறு, இது வேறு. இது வேலை நேரமாகவே கணக்கு.

கங்காணி மறுத்தால் தனியாக நின்று வாதாட வேண்டாம். அன்றைக்கே தோட்டத் தலைவியிடம் சொல்லுங்கள். துரையிடம் நாம் சேர்ந்தே போவோம்.