குரல் கேட்கும் தோழன்

(பினாங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நன்றாய்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த இருபது வயது இளைஞன் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெரட்டுக்கு வருவதைக் குறைக்கிறான். குளிப்பதில்லை. நிரையில் நின்று தனக்குத்தானே பேசுகிறான். "சோற்றில் எதையோ கலக்கிறார்கள்" என்று பெற்ற தாயையே சந்தேகிக்கிறான். மண்டோர் 'சோம்பேறி' என்கிறார். லயத்தில் 'பேய் பிடித்துவிட்டது' என்கிறார்கள். இரண்டுமே தவறு.

இது மனச்சிதைவு நோய். ஆஸ்பத்திரியில் ஸ்கிஸோஃபிரினியா என்பார்கள். நான் இப்போது பேசுவது உங்கள் காதில் விழுவதுபோலவே, இல்லாத குரல் அவன் காதில் விழுகிறது. அதட்டினால் தீராது, அதட்டியவரையும் பகைவராகவே எண்ணுவான். எழுந்து வேலைக்குப் போக மனம் வராததும் இந்நோயின் கூறுதான். அதைத்தான் நாம் சோம்பல் என்று சம்பளத்தில் வெட்டுகிறோம்!

1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். அந்த வெட்கத்தினாலேயே பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கிறோம். தமிழ்நாட்டில் ஏர்வாடியில் நடந்ததை நினையுங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓட முடியாமல் மாண்டார்கள், தோழர்களே!

நமக்கு அந்தக் கதி வேண்டாம். இதே பினாங்கின் பெரிய ஆஸ்பத்திரியில் 1958லேயே மனநோய்ப் பிரிவு ஏற்பட்டது. மலாயாவில் பொது ஆஸ்பத்திரியொன்றில் அமைந்த முதல் பிரிவு அதுவே. கால் ஒடிந்தவன் நுழையும் அதே வாசல்தான். இந்நோய்க்கு மருந்தும் 1952 முதல் உண்டு. மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். குரல் அடங்கியதும் மாத்திரையை எறிந்தவனுக்கு நோய் திரும்பி வருவதே வழக்கம்.

பால் வெட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சில மருந்துகளால் கை நடுங்கும், விடியற்காலையில் கண் சொக்கும். கத்தி ஆழமாய்ப் பாய்ந்து மரம் காயப்பட்டால் பழி அவன்மேல் விழும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். மாத்திரை விழுங்க மறுப்பவனுக்குச் சில வாரங்களுக்கொருமுறை போடும் ஊசியும் உண்டு. நடுக்கம் தீரும்வரை மங்கு கழுவும் வேலையோ, நாற்று மேடை வேலையோ கொடுக்கும்படி கிளைச் செயலாளர் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஊசி போடும் நாளில் லீவு கேட்க வேண்டும். கிராணிமார்களே, செக்ரோலில் அந்த நாளை 'வரவில்லை' என்று போடாமல் 'ஆஸ்பத்திரி' என்று எழுதுங்கள்.