பெருவிரல் ரேகையும் ஆறு இலக்க எண்ணும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே களவைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கலாம். இக்காலத்துக் களவு, படித்தவர் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. ஆகவே இதுவும் கல்வியின்பாற்பட்டதே.

1892-ஆம் ஆண்டு நம் முன்னோர்க்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டபோது, அவற்றைப் பிறர்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் உடன் விதிக்கப்பட்டது. நிபந்தனை தாளில் இருந்தது. நிலமோ கை மாறிற்று. கடனுக்கென்று வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டு அதற்கொரு கருவியாயிற்று. மேலே என்ன எழுதப்படும் என்றறியாமல் வைத்த ரேகை அது. இன்று கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஆறு இலக்க எண்ணை முகமறியாதவனிடம் சொல்லுவதும் அத்தகைய கைநாட்டே என்பேன்.

பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய படிப்புக்கான உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வஞ்சகரும் இதை அறிவர். ‘கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது’ என்று தொடங்கி, பெண்ணின் பெயர், வகுப்பு, பள்ளி அனைத்தையும் பிழையின்றிச் சொல்லுகிறார்கள். தாய் நம்பிவிடுகிறாள். பின்னர் வாட்ஸ்அப்பில் க்யூஆர் குறி ஒன்று வருகிறது. அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தச் சொல்லுகிறார்கள். அழுத்திய நொடியில் இருந்த பணமும் போய்விடுகிறது. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. உங்கள் பெயரும் பள்ளியும் ஒருவனுக்குத் தெரிந்திருப்பது அவன் அதிகாரி என்பதற்குச் சான்றாகாது. விவரங்களும் விலைக்கு விற்கப்படும் காலம் இது. ஆதார் நகல் கேட்பவர்க்கெல்லாம் முழு எண்ணைக் கொடாமல், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

பெருவிரல் ரேகைக்கும் வருகிறேன். ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால், ரகசிய எண்ணின்றியே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை ஊர்ப்புறங்களில் நடைமுறையில் உள்ளது. ‘ரேகை பதியவில்லை, மறுபடி வை ஆயா’ என்று இரண்டாம் முறை வைக்கச் சொன்னால், ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஆதார் ஆணையத்தின் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கவும் வழியுண்டு. நியாயவிலைக் கடைக்குப் போகும் நாளில் திறக்க மறந்தால் அங்கே ரேகை ஏற்கப்படாது. இந்தத் தொல்லையையும் சொல்லியாக வேண்டும்.

இளைஞர்களே, உங்களிடம் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறேன். ‘உன் வங்கிக் கணக்கையும் சிம் அட்டையையும் சில நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று வேலையற்ற பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். பிறரிடம் கொள்ளையடித்த பணம் அக்கணக்கின் வழியே ஓடுகிறது. காவல்துறை முதலில் தட்டுவது கணக்குக்குரியவன் வீட்டுக் கதவைத்தான். கமிஷன் சில ஆயிரம்; வழக்கோ, அரசு வேலைக்கான நன்னடத்தை விசாரணையிலே வந்து நிற்கும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு இது நேர்ந்தால், இழப்பு அவனோடு நிற்பதில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் உள்ளன என்பதைச் சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வேலை என்ற தூண்டிலும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு மோசடி வேலையில் அமர்த்தப்பட்டது குறித்து, 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. பதிவு பெற்ற முகவர்தானா என்று ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பாராமல் பாஸ்போர்ட்டைக் கையளிக்காதீர்கள்.

‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று நம் சட்டத்தில் இல்லை. காணொளியில் சீருடையைக் கண்டு அஞ்ச வேண்டா, அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால், கைமாறும் பணத்தை வங்கிகள் நடுவழியில் நிறுத்த இயலும். ஒரு நாள் தாமதித்தால் அது பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். ‘படித்தும் ஏமாந்தான்’ என்று ஊர் சிரிக்குமே என்று மறைத்துவிடுகிறோம். அந்த வெட்கம் திருடனுக்கே துணை. புகாருக்குரிய ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேரியிலிருந்து வந்த புகார்தானே என்று நிலையத்தில் எவரேனும் அலட்சியம் காட்டினால், அந்த எண்ணே உங்களுக்காகப் பேசும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் படிப்பகத்தில் கல்லூரி மாணவர் இருவர் ஒரு மணி நேரம் அமரட்டும். வங்கிச் செய்தி வந்து விளங்காத பெரியவர்கள் கைப்பேசியோடு அங்கே வரட்டும். மாணவர்கள் படித்துச் சொல்லட்டும். ஆனால் பெரியவர்களின் ரகசிய எண்ணை அவர்களும் கேட்கலாகாது.