எட்டுத் துண்டுப் பட்டு



சீன நாட்டின் சாங்ஷா நகரை அடுத்துள்ள மாவாங்துய் என்னுமிடத்தில், 1973-ஆம் ஆண்டு ஒரு பழங்கல்லறையை அகழ்ந்தனர். அது கி.மு. 168-இல் மூடப்பெற்றது. அதனுள் கிடைத்த பட்டோவியம் ஒன்றில் 44 மனித உருவங்கள் காணப்பட்டன. கையை உயர்த்துவோர், குனிவோர், உடலைத் திருப்புவோர் எனப் பல நிலைகள்! மூச்சையும் அசைவையும் இணைத்து உடலைப் பேணும் கலை அங்கு எத்துணைத் தொன்மையானது என்பதற்கு அது சான்று.

அம்மரபில் வந்ததே 'பாதுவான்ஜின்'. 'எட்டுத் துண்டுப் பட்டு' என்பது அதன் பொருள். எட்டே பயிற்சிகள். வானைத் தாங்குவதுபோல் இரு கைகளையும் உயர்த்துவது முதலாவது. வில்லை நாணேற்றி இழுப்பதுபோல் கைகளை விரிப்பது இரண்டாவது. குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதோடு எட்டாவது முடியும். அசைவுகள் மெல்லியவை, மூச்சும் அவற்றோடு இசைந்து செல்லும். ஆதலால் முதியோர்க்கும் இது இயலும்.

நீரிழிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? குருதியிலுள்ள சர்க்கரை தசைக்குள் புக, இன்சுலின் வாயில் திறக்க வேண்டும். நீரிழிவில் அது போதாது. அன்றி, அதன் சொல்லை உடல் கேளாது. ஆனால், உழைக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் கொல்லைப்புற வாயிலைத் தானே திறந்து சர்க்கரையை ஏற்கிறது. இப்பயிற்சியால் சர்க்கரை ஓரளவு தணிவதாகச் சீன ஆய்வுகள் பல கூறுகின்றன. எனினும், அவற்றுட் பல சிறிய ஆய்வுகளே.

இங்கு ஓர் எச்சரிக்கை. "மூச்சுப் பயிற்சி இருக்க, மருந்து எதற்கு?" என்பாரும் உளர். அவர் சொல்லை நம்பாதீர்கள். 1922-இல் டொரண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினர். அதற்கு முன், அவனைப் போன்ற சிறுவர்க்கு எந்த நாட்டுப் பயிற்சியாலும் உயிர் தங்கவில்லை. இன்றும் இன்சுலின் அறவே சுரவாத பிள்ளைகள் ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு இடர் நேரும்.

நானும் நீரிழிவு உடையவன். காலையில் இப்பயிற்சியைச் செய்கிறேன். மாத்திரையையும் தவறாது உட்கொள்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உங்கள் இல்லத்து முதியோர் இதைப் பயில விரும்பினால், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். கண்ணில் குருதிக் குழாய்கள் பழுதுற்றோர் தலையைத் தாழ்த்திக் குனிதல் ஆகாது. இன்சுலின் போடுவோர்க்குப் பயிற்சியின்போது வியர்த்து நடுக்கம் கண்டால், உடனே சர்க்கரை கொடுங்கள். பிறகு, நீங்களும் அவர்களோடு நின்று கைகளை உயர்த்துங்கள். துணையிருந்தால் பயிற்சி நிலைக்கும்.